மலாவியிலிருந்து வந்த காய்ச்சல்: கார்டு போதாது, ஸ்லைடு வேண்டும்

ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சுருக்கம் இதுதான்.

கணவருக்கு 38 வயது. போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். மலாவியில் 14 மாதம் வேலை, நடுவில் சில வாரம் எல்லை தாண்டி ஜாம்பியாவிலும். கடைசி இரண்டு மாதம் ஒரு வனவிலங்குக் காப்பகத்தின் ஓரத்துக் கிராமங்களில் துளை போட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பி 24 நாள் ஆகிறது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு கெண்டைக்காலில் ஏதோ கடித்து வீங்கியது. காய்ச்சலும் அங்கேயே தொடங்கி, மூன்று நாள் மலேரியா மாத்திரை போட்டதும் தணிந்திருக்கிறது. இங்கே வந்தபிறகு விட்டுவிட்டு வருகிறது. மலையில் ஒரு முறையும் சேலத்தில் ஒரு முறையும் மலேரியா கார்டு டெஸ்ட் (ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டு, கோடு விழுகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். டெங்குவும் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. பகலில் சோற்றில் கை வைத்தபடியே கண் அசந்துவிடுகிறார், இரவில் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார். பேசினால் எரிந்து விழுகிறார், முன்பு அப்படி இல்லை. ஒரு கிளினிக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட வேலை பார்த்த பையன் போனில், "அங்க தூக்க வியாதி இருக்குதுக்கா, அண்ணனுக்கு அதுவா இருக்கப்போவுது" என்று சொன்னானாம். அன்றிலிருந்து சகோதரிக்கும் தூக்கம் இல்லை. வீடியோவில் பார்த்ததில் வந்தவர் பிழைக்க மாட்டார், பாஷாண ஊசிதான் மருந்து, அந்த ஊசியே ஆளைக் கொல்லும் என்று இருந்ததாம். போன மழைக்காலத்தில் வீட்டு மாட்டுக்குச் 'சர்ரா' என்று ஊசி போட்டார்கள். அதுவும் இதே கிருமி என்கிறார்களே, மாட்டிலிருந்து வந்ததா? மூன்று வயதுப் பெண் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறாள், ஒட்டிக்கொள்ளுமா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முதுகில் நீர் எடுத்துக் காலை முடக்கிவிடுவார்களா, புது மருந்தை இவர்மேல் சோதித்துப் பார்ப்பார்களா? இதற்கு நடுவில் ஏஜென்ட் அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்கிறார். ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கியாயிற்று. நோய் என்று வாயைத் திறக்காதே என்கிறாராம்.

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே 'இன்றைக்கே கீழே இறங்குங்கள்' என்று போனில் சொல்லிவிட்டேன். இந்த நீண்ட பதில் உங்களுக்காக மட்டும் இல்லை. திருச்செங்கோட்டையும் சேலத்தையும் சுற்றியுள்ள ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது, இப்போது ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. உங்களைப் போலத் திண்ணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 26 வருடமாக வைத்தியம் பார்க்கிறேன், தூக்க வியாதி வந்த நோயாளி ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. படித்திருக்கிறேன், கல்லூரியில் ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். சேலத்தில் உள்ள பெரும்பாலான மருத்துவர்களும் அப்படித்தான். அதனால் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தானாக இது தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். பார்த்த இரண்டு இடங்களிலும் 'பத்து நாளாகக் காய்ச்சல்' என்று சொல்லியிருக்கிறீர்கள், மலாவி என்ற பெயரைச் சொல்லவில்லை. 'ஏஜென்ட் காதுக்குப் போய்விடும் என்று அவர் தடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்தது. ஒடிசாவில் ரிக் வேலை முடித்து வந்த ஒருவருக்கு ஐந்து நாள் டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தோம். எங்கே இருந்துவிட்டு வந்தீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் லேபில் இருந்த ஓர் அக்கா தானாகவே ஸ்லைடு போட்டுப் பார்த்து, மூளை மலேரியாவுக்குப் போகும் தறுவாயில் ஆளைக் காப்பாற்றினார். அதற்கப்புறம் காய்ச்சலோடு வரும் யாரிடமும் என் முதல் கேள்வி 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்பதுதான்.

முதலில் மலேரியா, அப்புறம்தான் மற்றது

தூக்க வியாதியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் அதைவிட மலேரியாவுக்குத்தான் பயப்படுகிறேன். மலாவியிலிருந்து வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் என்றால், ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா இல்லை என்று உறுதியாகும் வரை மலேரியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அது நாள் கணக்கில் ஆளைக் கொல்லும். கார்டில் இல்லை என்று வந்துவிட்டதே என்பீர்கள். ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தாலோ, பாதி மருந்து உள்ளே போயிருந்தாலோ கார்டு ஏமாற்றும். கார்டு தேடுகிற புரதத்தையே தயாரிக்காத மலேரியாக் கிருமிகளும் ஆப்பிரிக்காவில் சில இடங்களில் இருக்கின்றன.

இன்னொன்று, மலேரியா கார்டு மலேரியாவை மட்டும்தான் காட்டும். தூக்க வியாதிக் கிருமி ரத்தத்தில் நீந்திக்கொண்டிருந்தாலும் அந்தக் கார்டில் ஒரு கோடும் விழாது. அதனால்தான் ஸ்லைடு கேட்கச் சொல்கிறேன். தடித்த ரத்தப்பூச்சு ஒன்று, மெல்லிய பூச்சு ஒன்று, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை எடுக்க வேண்டும். காய்ச்சல் ஏறும்போது எடுத்தால் நல்லது, ஆனால் அதற்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. லேபில் இருப்பவருக்கு 'மலேரியாவோடு டிரிபனோசோமாவும் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். டிரிபனோசோமா என்பதுதான் தூக்க வியாதிக் கிருமியின் பெயர். சீட்டில் இல்லாததை லேப் தேடாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து ஈரத்தோடு உடனே பார்த்தாலே, சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அது நெளிவது தெரியும். சிவப்பணுவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

மலேரியாவே கிடைத்துவிட்டாலும் தேடுவதை அத்தோடு நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

கால் வீக்கத்தைப் பற்றி அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். பீடியால் சுட்டது போலச் சின்னதாகக் கறுப்புப் பொருக்கு கட்டியிருந்தால் அது அங்கத்திய உண்ணி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம். நம் சேர்வராயன் மலையிலும் புதர்ச் சிலந்திப்பூச்சி கடித்து இதே போலப் பொருக்கோடு ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. ஊர் வந்தபிறகு காபித் தோட்டத்தில் இறங்கியிருந்தால் அதையும் மறக்கக் கூடாது. இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். அப்படி இல்லாமல், கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிவந்து, கெட்டியாக, தொட்டால் வலிக்கும்படி வீங்கி, சில வாரத்தில் தானாக வற்றியிருந்தால் அது தூக்க வியாதியைப் பரப்பும் செட்சீ ஈ கடித்த இடமாக இருக்க வாய்ப்புண்டு. அப்புறம், வேலை முடிந்து ஓடையிலோ ஏரியிலோ குளித்தார்களா என்றும் கேளுங்கள். மலாவி ஏரியில் நத்தை வழியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும் ஷிஸ்டோசோமா புழு இருக்கிறது, அதற்கும் இப்படி விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு எகிறியிருப்பது ஒரு தடயம்.

தூக்க வியாதி என்பது என்ன

பெயர்தான் எல்லாரையும் குழப்புகிறது. இது தூக்கம் அதிகமாகும் வியாதி இல்லை, தூக்கத்தின் நேரம் தலைகீழாகிப்போகும் வியாதி. பகலில் அசத்தும், இரவில் விழிக்க வைக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் பல நாள் காய்ச்சல், ரத்தசோகை, மனச்சோர்வு, குடி என்று இன்னும் பத்துக் காரணத்துக்கும் பொருந்தும். தூக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்தத் தூக்க மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுங்கள். மூளை தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் பார்க்க வேண்டிய நேரத்தில் அது திரை போட்டுவிடும்.

கிருமியில் இரண்டு வகை உண்டு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இருப்பது காம்பியென்ஸ். அது மெல்ல வேலை செய்யும், வருடக் கணக்கில் உடம்பில் ஒளிந்திருக்கும். இன்று பதிவாகும் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அந்த வகைதான். கிழக்கிலும் தெற்கிலும் இருப்பது ரொடீசியென்ஸ். மலாவி, ஜாம்பியா, உகாண்டா, தான்சானியா எல்லாம் அதன் வட்டாரம். இது வேகமானது. கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சில வாரங்களில் மூளைக்குப் போய்விடும், வைத்தியம் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் உயிர் போகும். இன்றே இறங்குங்கள் என்று நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இந்த வேகம்தான். ஒரு சின்ன ஆறுதலும் உண்டு: ரொடீசியென்ஸ் ரத்தத்தில் நிறையவே திரியும், அதனால் சாதாரண ஸ்லைடிலேயே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

காய்ச்சல் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரே ஆள் விடிவதற்குள் மூன்று நாலு வேஷம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கிருமியும் அப்படித்தான். மேலே ஒரு புரதச் சட்டை போட்டிருக்கும். உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கும்போது காய்ச்சல் வரும், கிருமி குறையும், காய்ச்சல் தணியும். அதற்குள் மிச்சமிருப்பதில் சில, வேறு சட்டை மாற்றிக்கொண்டு பெருகிவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகளுக்கான மரபணு அதனிடம் இருக்கிறது. இதற்குத் தடுப்பூசி செய்ய முடியாமல் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை காலமாகத் திணறுவது இதனால்தான்.

இது அவ்வளவு பரவலான நோயும் இல்லை. 1998-இல் கிட்டத்தட்ட 40,000 பேருக்கு இருந்ததாகப் பதிவானது, பதிவாகாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. 2018-க்குப் பிறகு வருடத்துக்கு ஆயிரத்துக்கும் கீழேதான், அதுவும் மொத்த ஆப்பிரிக்காவிலும் சேர்த்து. ஆனால் ரொடீசியென்ஸ் வகையில் சமீப வருடங்களில் அதிகம் பதிவாவது மலாவியில்தான், அதுவும் காப்பகங்களின் ஓரத்தில். உங்கள் கணவர் இருந்த இடம் அது. வாய்ப்பு குறைவு, ஆனால் தள்ளிவிடும் அளவுக்குக் குறைவு இல்லை.

மாடும் குழந்தையும்

மாட்டிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு: இல்லை. உங்கள் மாட்டுக்கு வந்த சர்ரா, டிரிபனோசோமா எவான்சி என்ற கிருமியால் வருவது. இதுவும் தூக்க வியாதிக் கிருமியும் பங்காளிகள், அது உண்மை. சொல்லப்போனால் இந்தக் குடும்பத்தில் நோய் உண்டாக்கும் என்று முதன்முதலில் பிடிபட்டதே நம் மாட்டுக்கு வந்ததுதான். 1880-இல் அன்றைய பஞ்சாபில், தேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக ரத்தத்தில் அதைப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் டேவிட் புரூஸ் மாடுகளின் நகானா நோயில் இதன் உறவுக் கிருமியைக் கண்டது 1895 வாக்கில். மனித தூக்க வியாதிக்கும் செட்சீ ஈக்கும் உள்ள தொடர்பு தெளிவானது 1903-இல்.

அதே 1903-இல் சென்னை பொது மருத்துவமனையில் டோனவன் என்ற மருத்துவர் காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் கிருமியைக் கண்டார். அதற்குச் சற்று முன் இங்கிலாந்தில் அதைப் பார்த்த லீஷ்மன், சிதைந்துபோன டிரிபனோசோமா என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டு குடும்பமும் அவ்வளவு நெருக்கம். சரி, கதை போதும்.

மனித ரத்தத்தில் ஒரு காவல்காரப் புரதம் இருக்கிறது, அது எவான்சியைத் துளைபோட்டுக் கொன்றுவிடும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகச் சர்ரா மாடுகளோடு இருந்தும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. விதிவிலக்கு ஒன்று தெரியும். 2004-இல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயியின் ரத்தத்தில் எவான்சி கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தபோது அவருக்குப் பிறவியிலேயே அந்தக் காவல்காரப் புரதம் இல்லை என்று தெரிந்தது. மருந்து கொடுத்து அவர் குணமானார். ரொடீசியென்ஸ் வகை அந்தக் காவல்காரன் கையையே கட்டிப்போடும் வித்தை கற்றது, அதனால்தான் அது மனிதரைத் தாக்குகிறது. ஆப்பிரிக்காவில் மாடுகளும் காட்டு விலங்குகளும் அதைச் சுமக்கின்றன, நோயில்லாமலேயே. உங்கள் மாடு அதைச் சுமக்கவில்லை, அதைக் கொட்டிலிலிருந்து விரட்ட வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

குழந்தைக்கு ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தூக்கி வைத்துக்கொள்வதாலோ, இருமலாலோ, நம் ஊர்க் கொசுவாலோ இது பரவுவதில்லை. செட்சீ ஈ வேண்டும், அந்த ஈ சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அது ஏற்காட்டுக்கு வராது. ரத்தம் ஏற்றுவதிலும், கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் பரவக்கூடும். அதனால் சோதனை முடியும் வரை அவர் யாருக்கும் ரத்தம் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் குழந்தைகளை விலக்கி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பாஷாண ஊசியும் புது மருந்தும்

வீடியோவில் நீங்கள் பார்த்தது முழுப் பொய் இல்லை, பழைய உண்மை. 1949-இல் வந்த மெலார்சோப்ரால் என்ற மருந்தில் ஆர்சனிக், அதாவது பாஷாணம், உண்டு. மூளைக்கு ஏறிவிட்ட நோய்க்கு வெகுகாலம் அதுதான் கதி. ஏற்றும்போது நரம்பு எரியும், போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த மருந்தாலேயே இறந்தார்கள். அதற்கு மாற்றாக வந்த எஃப்லார்னிதின் இன்னும் வேடிக்கை. ஏழைகளின் மருந்து என்பதால் லாபம் இல்லை என்று தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2000-இல் அதே சரக்கு பெண்களின் முகத்து ரோமத்தைக் கட்டுப்படுத்தும் கிரீமாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல பக்கமிருந்தும் நெருக்கியபிறகுதான் 2001-இல் ஆப்பிரிக்க நோயாளிகளுக்காக மறுபடி தயாரிக்க ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

இன்று நிலைமை வேறு. ஃபெக்சினிடசோல் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. பேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலின் தூரத்துச் சொந்தம். பத்து நாள், தினமும் ஒரு வேளை, வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வாந்தி, தலைவலி, தூக்கமின்மை வரலாம், மது அறவே கூடாது. முதலில் காம்பியென்ஸ் வகைக்கு வந்தது. பிறகு மலாவியிலும் உகாண்டாவிலும் ரொடீசியென்ஸ் நோயாளிகள் 45 பேரிடம் ஆராய்ந்தார்கள். அதன்பேரில் 2024-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வகைக்கும், மூளைக்கு ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும், இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. உங்கள் கணவர் துளை போட்ட அதே நாட்டு மனிதர்கள் அந்த ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். காம்பியென்ஸ் வகைக்கு அகோசிபோரோல் என்ற இன்னொரு மருந்தும் ஆராய்ச்சியில் வந்தது. ஒரே வேளை, மூன்றே மாத்திரை. 2022-இல் வெளியான முடிவில், நோய் முற்றியவர்களில் கூட நூற்றுக்குச் சுமார் 95 பேர் குணமாகியிருந்தார்கள்.

இந்த மருந்துகள் கடையில் கிடைக்காது. தயாரிக்கும் நிறுவனங்கள் உலக சுகாதார நிறுவனத்துக்கு நன்கொடையாகத் தருகின்றன, நோயை உறுதி செய்த மருத்துவமனை கேட்டால் அங்கிருந்து இலவசமாக வரும். 'ஐந்து லட்சம் கொடுங்கள், வெளிநாட்டு ஊசி வரவழைக்கிறேன்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

முதுகில் நீர் எடுப்பது பற்றி. நம் ஊரில் இந்தப் பயம் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஓரிரு நாள் தலைவலி வரலாம், கால் முடங்காது. மூளைக்காய்ச்சலா, காசநோயா, இந்தக் கிருமியா என்று பிரித்துச் சொல்ல அந்தச் சில சொட்டு நீர்தான் உதவும். கேட்டால் சம்மதியுங்கள்.

சோதனை எலியாக்கிவிடுவார்களா என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1906-இல் ராபர்ட் காக், அத்தனை பெரிய விஞ்ஞானி, விக்டோரியா ஏரித் தீவுகளில் நோயாளிகளுக்கு அடாக்சில் என்ற ஆர்சனிக் மருந்தை அளவு கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கண் பார்வையே போனது. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு நம் நாட்டில் மருந்து ஆராய்ச்சிக்கு 2019-இல் வந்த விதிகள் இருக்கின்றன. உங்கள் மொழியில் விளக்கிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது. முடியாது என்று சொல்லலாம், பாதியில் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் வைத்தியமும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. ஆனால் உங்கள் கணவர் விஷயத்தில் இது எழவே எழாது. அவருக்குத் தேவைப்பட்டால் கிடைக்கப்போவது ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து.

கீழே இறங்கியதும் என்ன செய்வது

ஒரு வெள்ளைத்தாளில் தேதியோடு எழுதுங்கள்: எந்த நாடு, எந்தக் காட்டோரம், எத்தனை மாதம், பகலில் ஈ கடித்ததா, கால் வீக்கம் எந்த நாள், காய்ச்சல் எந்த நாள், என்ன மாத்திரை, ஊர் வந்த தேதி. பாஸ்போர்ட்டையும் கார்டு டெஸ்ட் சீட்டுகளையும் கூட எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போய், வாயால் சொல்வதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள். மைக்ராஸ்கோப் பார்க்கவும், தேவைப்பட்டால் வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பவும் அங்கே முடியும். நடுவில் உளறல், வலிப்பு, கண் மஞ்சள், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், காலை வரை பார்க்காதீர்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். காய்ச்சலோடு அவரை விமானம் ஏற்றிவிடாதீர்கள். மறைத்துப் போனால் அங்கே காட்டோரம் படுத்துக்கொள்ள நேரிடும், மொழியும் தெரியாது. ஒப்பந்தத் தாள், முன்பணம் வாங்கிய ரசீது, வாட்ஸ்அப்பில் 'வாயைத் திறக்காதே' என்று வந்த செய்தி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். முன்பணத்தைத் தவணையில் திருப்புவது பற்றி அவர்கள் மூலம் பேசுவது, நீங்கள் தனியாகப் போனில் கெஞ்சுவதைவிட மேல்.

குணமான பிறகு அவர் திரும்பப் போவது அவர் முடிவு. போனால் சிலது கவனிக்கட்டும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிப் போடும் மாத்திரையும் இல்லை. செட்சீ பகலில் கடிக்கும், ஓடும் வண்டியைத் துரத்திக்கொண்டு வரும், மெல்லிய துணிக்கு மேலாகவே குத்தும். நீலமும் கறுப்பும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஈயைப் பிடிக்க அங்கே கட்டித் தொங்கவிடும் பொறித் துணியே நீலத்திலும் கறுப்பிலும்தான். உங்கள் கணவர் நீல ஓவரால் போட்டு நிற்கும் புகைப்படத்தை அனுப்பியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. காக்கி போலத் தடித்த துணியில் முழுக்கை, முழுக்கால் சட்டை வேண்டும். வண்டியில் ஏறும் முன் உள்ளே ஈ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் புதருக்குள் ஒதுங்கக் கூடாது. மலேரியாவுக்கு முன்தடுப்பு மாத்திரை உண்டு, அதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும், கொசுவலையும் கட்டாயம்.

கடைசியாக, உங்கள் மாமியார் கேட்டது. மகனைச் சேர்வராயன் கோயிலுக்கு நடத்தியே கூட்டிப்போவதாக வேண்டிக்கொண்டாராம், இந்த வாரமே போகலாமா என்கிறார். அவர் நடக்கிற நிலையில் இல்லை. வேண்டுதல் அப்படியே இருக்கட்டும். மூன்று ஸ்லைடும் எடுத்து, என்ன நோய் என்று தெரிந்து, மருந்து முடித்து, காய்ச்சல் நின்றபிறகு போகட்டும். அதுவரைக்கும் அம்மா வேண்டுமானால் தனியாக ஒரு நடை போய்விட்டு வரட்டும். முதல் ஸ்லைடு முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.